வட்டிக் காசில் ஒரு கழிப்பறை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை அறிவிப்பதாக இருந்தது. வீட்டுக் கடன் வாங்கியவன் என்பதால் நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். கால் சதவீதம் குறைப்பு என்ற செய்தி வந்த அதே நேரத்தில் வாஹித் பாஷாவின் எண்ணிலிருந்தும் ஒன்று வந்தது. எங்கள் தோல் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பக்கத்து நாற்காலிக்காரர், அன்று வரவில்லை. வழக்கம்போல வட்டிக்கு விளக்கவுரை அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் திறந்தேன். அவர் மகள் புஷ்ரா எழுதியிருந்தாள். அப்பா காலையில் மௌத்தாகிவிட்டார், ஜும்மா தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

வட்டி குறைந்தால் வருத்தப்படுகிற ஒரே கணக்குப்பிள்ளை ஆம்பூரில் அவராகத்தான் இருந்திருப்பார். அந்த வருத்தத்திலிருந்து அவரைச் சாவு சில மணி நேர வித்தியாசத்தில் காப்பாற்றிவிட்டது.

பொருளாதாரத்தை ஜனங்களுக்குப் புரியவைப்பதைத் தன் கடமையாக அவர் எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். பட்ஜெட் வாசிக்கும் நாளில் கம்பெனி வாசல் டீக்கடையில் கூட்டம் சேரும்.

"பணவீக்கம்னா இன்னா பாய்?" என்று ஒருவன் கேட்பான்.

"பொட்டலம் பிரியாணி வெல ஏறலல்ல? தொறந்து பாரு. போன வருசம் முழு முட்ட, இந்த வருசம் பாதி. மீதி பாதி எங்க போச்சோ அதான் பணவீக்கம்."

எல்லாமே இப்படிச் சரியாக அமைந்துவிடவில்லை. தங்கம் இறங்கும், பொறுங்கள் என்று ஒரு வருடம் சொன்னார். தெருவே பொறுத்தது. தங்கம் பொறுக்கவில்லை. இரண்டு கல்யாண வீடுகளில் அவருக்குப் பத்திரிகை வரவில்லை.

அவர் தெருவில் பல வீடுகளுக்கு வங்கியில் சேமிப்புக் கணக்கு உண்டு. சம்பளம் அதில்தான் விழுகிறது. ஆனால் வங்கி போடுகிற வட்டியை அவர்கள் தொடமாட்டார்கள், மார்க்கத்தில் ஆகாது. அதை வங்கியிடமே விட்டுவைக்கவும் மனம் வராது. அந்தக் காசில் சோறு தின்னக் கூடாது, பள்ளிவாசலுக்குக் கொடுக்கக் கூடாது. பொதுக் கழிப்பறை கட்டக் கொடுக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கொடுப்பதால் நன்மை சேராது. கையை விட்டுப் போகும், அவ்வளவுதான்.

காலாண்டு முடிந்ததும் வாஹித் பாஷா வீடு வீடாகப் போவார். அவர் ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் பக்ருன்னிசா என்ற பக்கத்து வீட்டு அம்மாள் அந்தக் காசை இரண்டு விரலால் பிடித்து நீட்டுவாளாம்.

"ஆபா, நோட்டுதானே, கடிக்காது."

"எடுத்துனு போ வாஹித். எண்ணாத. எண்ணுனா எவ்ளோன்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

நானும் ஒருமுறை என் வட்டியைத் தருவதாகச் சொன்னேன். "உனக்குதான் அது செரிக்குதே செந்தில், துன்னு" என்று சொல்லிவிட்டார்.

இந்தக் காசுக்கு வேலை கொடுத்தவள் சுந்தரி. எங்கள் கம்பெனியின் ஷூ பிரிவில் தையல் வேலை, அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமம். சாயங்காலம் கம்பெனி பஸ் பெண்களை பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிடும். ஊர் பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும். சுற்றிலும் மதில்கள், லாரிகள், ஒதுங்க இடம் இல்லை. அதனால் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். சிறுநீரகத்தில் கல் வந்தது. தண்ணீர் குடிக்காவிட்டால் மறுபடியும் வரும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

சம்பளச் சீட்டு வாங்க வந்தவள், "குடிச்சா நிக்க முடியல, குடிக்கலன்னா படுக்க முடியல. தீபாவளியோட நின்னுர்றேன் பாய்" என்றாள்.

"நின்னுட்டு?"

"களை எடுக்கப் போவேன். காடு மேடுன்னா மறைவாவது இருக்கும்."

பாதி கூலிக்குப் போக அவள் தயாராக இருந்தாள். அன்று மாலையே அவர் போய் அந்த நிறுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு தோல் மண்டிக்காரர் மதிலோரம் ஒரு துண்டு நிலம் கொடுத்தார். அஸ்திவாரம் போட்டார்கள்.

அந்த வருடம்தான் நாட்டின் வளர்ச்சியை ஊக்குவிக்க வட்டியைக் குறைக்கத் தொடங்கினார்கள். எனக்குச் சந்தோஷம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உனக்கு ஈ.எம்.ஐ. கம்மி, எனக்குக் கக்கூஸ் கம்மி."

ஆனால் வங்கி எங்கள் இருவரையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. சேமிப்புக் கணக்கு வட்டியைக் குறைக்க ஓடியது, என் கடன் வட்டியைக் குறைக்க நடந்து வந்தது. சேமிப்பு வட்டி மூன்று சதவீதத்திலிருந்து இரண்டரையாகிவிட்ட பிறகும் என் கடனுக்கு, "அடுத்த காலாண்டில் பிரதிபலிக்கும் சார்" என்ற பதில்தான். செங்கல் விலையும் வட்டியைப் பார்த்து இறங்கவில்லை. பணவீக்கம் கட்டுக்குள் இருக்கிறது என்று டிவியில் சொன்னவர் எங்கள் ஊர்ச் சூளைப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

பிறகு அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீத வரி போட்டது. ஷூ ஆர்டர்கள் நின்றன, ஓவர்டைம் நின்றது, சம்பளம் கணக்கில் தங்காமல் அரிசிக் கடைக்குப் போயிற்று. டீக்கடையில் அவர் விளக்கினார்: "அங்க ஒருத்தன் கையெழுத்து போட்றான். இங்க நம்ம செவுரு லிண்டல் மட்டத்துல நிக்குது. இதான் உலகமயம்."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் நின்ற சுந்தரி மட்டும், "தீபாவளி வந்துனே இருக்குது பாய்" என்றாள்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் அவரால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. திரட்டிய காசை ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தார். வங்கி அதற்கும் வட்டி போட்டுவிட்டது. விலக்க வேண்டிய காசு குட்டி போட்டிருக்கிறது. அந்தக் குட்டியையும் விலக்க வேண்டும். காலாண்டுதோறும் இந்தத் தொல்லை வேண்டாம் என்று, வட்டியே தராத நடப்புக் கணக்குக்கு மொத்தத்தையும் மாற்றினார். மூன்று நாள் பெருமையோடு திரிந்தார். நடப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அதிகம். அவரிடம் அவ்வளவு இல்லை. அபராதம், அபராதத்துக்கு ஜி.எஸ்.டி., அதைத் தெரிவித்த குறுஞ்செய்திக்குக் கட்டணம் என்று வங்கி எடுத்துக்கொண்டதில் கதவுக்கான காசு போய்விட்டது.

"ஊருக்கே கணக்கு சொல்றீங்க. இத பாக்கலியா பாய்?" என்று கேட்டேன்.

"படிச்சேன்பா. ஆனா அது வேற யாருக்கோ எழுதுனதுன்னு நெனச்சிட்டேன்."

வார்டு பிரமுகர் ஒருவர் வந்தார். உபயம் இன்னார் என்று மின்விசிறி இறக்கையில்கூடப் பெயர் எழுதுகிற ஊரில், இந்தக் கட்டடத்தில் ஒரு பெயரும் இல்லாதது அவருக்குப் பொறுக்கவில்லை. கதவு வாங்கித் தருவதாகவும் தன் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

"எழுதிக்கலாங்க. இது தெருவே கை கழுவிட்ட காசு. ஒரு பேர் சேந்துச்சுன்னா எங்களுக்கும் பாரம் கம்மி" என்றார் வாஹித் பாஷா.

பிரமுகர் யோசித்துச் சொல்வதாகப் போனார். இன்னும் யோசிக்கிறார்.

கடைசியில் இடித்த வீடு ஒன்றிலிருந்து பழைய கதவு கிடைத்தது. உயரம் சற்று அதிகம். அடியில் அறுத்துப் பொருத்தினார்கள். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு கழிப்பறை திறந்தது. திறப்பு விழா இல்லை, ரிப்பன் இல்லை, முதலில் போனவள் சுந்தரி. அவள் வேலையை விடவில்லை. இப்போது மத்தியானம் ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கிறாள்.

அடக்கம் நடந்த அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில், பெண்கள் நிற்கும் ஓரத்தில், அவளும் இன்னும் இருவரும் கம்பெனிச் சீருடையோடு நின்றார்கள். அரை நாள் சம்பளம் போகும். அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது, "நாளைக்கு வந்து மாட்டித் தர்றேன்னாரு சார்" என்றாள் என்னிடம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எதை என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் அவர் இரும்புக் கடைக்குப் போய் வந்ததை நானும் பார்த்திருந்தேன்.

கதவுக்கு உள்தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்கிறாள்.