நேத்து ரொட்டி

இன்று காலை மிஷன் வீதியில் ஒரு கஃபேயைக் கடக்கையில் வந்த ரொட்டி வாசனை, என்னை ஆறு வயதுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா புதுச்சேரிக்குப் படிக்க வந்த காலம் அது. எந்த மெஸ்ஸில் மறுபடி சாம்பார் கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள் என்பதெல்லாம் ஒரே மாதத்தில் அவளுக்கு அத்துப்படி. இந்த கஃபே இருக்கும் இடத்தில் அப்போது ஒரு விறகடுப்பு ரொட்டிக்கடை இருந்தது. பிரெஞ்சு அரசிடம் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் சூடான நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக, நாங்கள் ஓரமாக நின்று, முந்தின நாள் மிஞ்சிய ‘நேத்து ரொட்டி’யைப் பாதி விலைக்கு வாங்குவோம். கல்லாட்டம் இருக்கும் அதைக் காப்பியில் முக்கி, மேல்தோல் இளகி உள்பஞ்சு கனத்துத் தொங்கும் நொடியில் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். தாமதித்தால் டம்ளருக்குள் விழுந்துவிடும்.

ஒருநாள் பழையது எதுவும் மிஞ்சவில்லை. சும்மா கொடுத்தால் அம்மா வாங்கமாட்டாள் என்று கடைக்காரருக்குத் தெரியும். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியைத் தாளில் சுற்றி நீட்டினார்.

“இந்தாம்மா, அதே வெலதான்.”

“இது சூடா இருக்குதேண்ணே?”

“நாளைக்கு இதுவும் நேத்து ரொட்டிதானே!”

அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதைத் துணியில் சுற்றி அலமாரி மேலே வைத்துவிட்டாள்.

“நாளைக்குன்னு சொல்லித்தான குடுத்தாரு? நாளைக்கே தின்னலாம்டா.”

அன்று காலை இருவருக்கும் வெறும் காப்பிதான். நாள் முழுக்க அறையெல்லாம் அந்த வாசனை.

இன்று அந்த கஃபேயில் முழு விலை கொடுத்து ஒரு ரொட்டி வாங்கி வந்தேன். துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், நாளைக் காலைக்கு.