இரும்பு மாமா போட்ட கிளிப்பு

என் அக்கா புருஷனுக்குப் பட்டறையில் ‘இரும்பு’ என்று பெயர். யாரும் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டது. தண்ணீர் லாரித் தொட்டிகளுக்கு ஒட்டுப் போடுகிற பட்டறை எங்களுடையது. வேலை தெரிந்த ஆள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலையைவிட வாய் பெரிது.

அப்பேர்ப்பட்டவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று அந்தச் சுரப்பியையே வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியது. அதன் பிறகு இருமினால், குனிந்தால், எதையாவது தூக்கினால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர். இது பலருக்கும் வருவதுதான், மெல்ல மெல்லக் குறையும், அதுவரை பேடு வையுங்கள், மூத்திரத்தை அடக்குகிற தசையை இறுக்கி இறுக்கி விட்டுப் பழகுங்கள் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். படுக்கை விஷயமும் உடனே பழையபடி ஆகாது, ஒரு வருஷத்துக்கு மேலேகூட ஆகலாம், மாத்திரை இருக்கிறது, அடுத்த தடவை வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். இரும்பு ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பேடு வைப்பதாம்! அது பொம்பளைச் சமாச்சாரமாம்.

தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். அதனால் எரிச்சல்தான் கூடியது. வெல்டிங்குக்குப் போடுகிற தோல் ஏப்ரனைச் சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை, அதோடே வீட்டுக்கும் போனார். போனவர் தலையணையைச் சுருட்டிக்கொண்டு ஹாலில் படுத்தார். அக்கா பக்கத்தில் வந்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

அக்கா என்னிடம் வந்து அழுதாள்.

“கேட்டா உள்ள புழுக்கமாம்டா. என்னைக் கண்டாலே அருவருப்பா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா என்ன? ஞாயித்துக்கெழம மக வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல.”

நான் பட்டறையில் அவரைப் பிடித்தேன். “மாமா, அக்கா பெட்டி கட்டிடுச்சு. என்னன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைங்க.”

“போனாப் போகட்டும். உன் வேலையப் பாரு மச்சான்” என்று முகமூடியை இழுத்து மூடிக்கொண்டார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. இது வீரமாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கக்கூசுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மச்சான், கட்டிங் பிளேயர் கொண்டா.”

“எதுக்கு?”

“கேக்காத, கொண்டா.”

கதவைத் தள்ளினேன். சுவரைப் பிடித்து நின்றார், முகத்தில் சொட்டு ரத்தமில்லை. லாரி ஹோஸை இறுக்கப் போடுகிற கிளிப்பு இருக்கிறதே, அதற்குள் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து, எங்கே மாட்டக் கூடாதோ அங்கே மாட்டி, திருகியும் வைத்திருக்கிறார். வீங்கிப் போய்த் திருகாணி உள்ளே புதைந்து கிடந்தது. இத்தனை வருஷம் தொட்டியோடு பழகியவருக்குத் தன் உடம்பும் தகரம் என்றே நினைப்பு.

லாரியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸம்மா துணியை விலக்கிப் பார்த்தார்.

“என்ன இது?”

இரும்பு மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தார். “ஹோஸ் கிளிப்புங்க” என்றேன் நான்.

“எந்த லாரியோடது? அவங்க தேடப் போறாங்க.”

டாக்டர் அதை வெட்டி எடுத்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மொத்தமும் போயிருக்கும் என்று திட்டினார். அதற்குள் சேதி கேட்டு அக்கா ஓடி வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள்.

“அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றார் நர்ஸம்மா.

இரும்பு என்னை வெளியே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். நான் அசையவில்லை.

“ஒழுகுது” என்றார். மறுபடியும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, “அதுவும்… சரியா இல்ல. நீ என்னை ஆம்பளையே இல்லன்னு நெனச்சுடுவியோன்னு…”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இதுக்கா? நான் என்ன பாவம் பண்ணினேன்னு உள்ளுக்குள்ள செத்துட்டு இருந்தேன். கிளிப்பு மாட்டிக்கிட்ட ஆள இப்ப என்னன்னு நெனைக்கட்டும்?”

“அப்ப ஞாயித்துக்கெழம போக மாட்டல்ல?”

“போறது போறதுதான். இந்த அம்மா சொன்னதெல்லாம் செஞ்சு, பேடு போட்டுக்கிட்டு வந்து கூப்பிடுங்க. அப்ப யோசிக்கிறேன்.”

சொன்னபடி போய்விட்டாள். இரும்பு சில நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் ஒரு நாள், மருந்துக்கடை வாசலில் கூட்டம் குறையும்வரை நின்று, என்னமோ திருட்டுச் சாமான் வாங்குகிறவர் மாதிரி பேடு வாங்கினார். எனக்கு அடிக்கலாம் போல இருந்தது.

மகள் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அந்தக் கட்டடத்தில் நாலு வீட்டுக்குப் பொதுவாக ஒரு படிக்கட்டு. கீழே நின்று, நிமிர்ந்து, பட்டறையில் கத்துகிற அதே குரலில் கத்தினார்:

“பேடு போட்டுட்டேன். அந்தப் பயிற்சியும் செய்றேன். வா, போகலாம்!”

நாலு வீட்டுக் கதவும் திறந்தது. மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா பெட்டியோடு இறங்கி வந்தாள்.

“மெதுவாச் சொன்னா என்ன? எனக்குக் காது கேக்கும்” என்று பெட்டியை என்னிடம் கொடுத்தாள். அவர் கையில் எதுவும் கொடுக்கவில்லை. கனம் தூக்கினால் ஒழுகும் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.