வேதாவின் வெள்ளிக்கிழமைப் பின்னல்

வேதாவுக்கு வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் விரல்கள் வெளுத்துச் சில்லிட்டுப் போகும். அல்வாலில் எங்கள் மாடிக்காரர்கள் எல்லாரும் ஒரே நோயைத்தான் சொன்னோம்: வாயு. நம்மவர் உடம்பில் எது வலித்தாலும் வாயுதானே! பூண்டும் பெருங்காயமும் கொடுத்து அவளை ஒரு வருஷம் ஓட்டினோம். பக்கத்து வீட்டுக்காரியான நான்தான் முதல் குற்றவாளி.

வேதாவுக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. ஐம்பதை நெருங்கும் தனிக்கட்டை. மேல்தட்டுப் புத்தகங்களை எப்படியோ சமாளித்தாள். தலைதான் பின்னிக்கொள்ள முடியவில்லை. இடுப்பு வரை முடி. தலைவிரிகோலமாக வெள்ளிக்கிழமை விளக்கேற்றக் கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். அதனால் வாராவாரம் கீழே புஷ்பாவின் பார்லரில் போய் உட்காருவாள்.

"வெட்டிடலாமா அக்கா?" என்று புஷ்பா ஒருநாள் கேட்டாள்.

"நக்கோ, வேணாம்," என்றாள் வேதா.

கடைசியில் ஒரு டாக்டர், அவள் நாடியைப் பிடித்துக்கொண்டே கையை உயர்த்திப் பார்த்தார். மேலே போனதும் நாடி காணாமல் போனது. கழுத்தடியில் பிறவியிலேயே கூடுதலாக ஒரு விலா எலும்பாம். கைக்குப் போகும் நரம்பையும் ரத்தக்குழாயையும் அது நெரித்துக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் செய்து எலும்பை எடுத்தார்கள். துணைக்கு யார் என்று கேட்ட இடத்தில், சைனிக்புரியில் அண்ணன் பத்மநாபன் இருந்தும், புஷ்பாவின் பெயரைத்தான் எழுதினாள். பார்லரைப் பூட்டிவிட்டு மூன்று நாள் கூடவே இருந்தாள் அந்தப் பெண். நான் இளநீரோடு ஒருமுறை எட்டிப் பார்த்தேன்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மொட்டைமாடிக் கொடியில் வேதா இரண்டு கையையும் உயர்த்திப் புடவை உலர்த்துவதைப் பார்த்தேன். மனசு நிறைந்தது. சாயங்காலம் பார்லருக்குப் போனால், நாற்காலியில் கண்ணை மூடி அவள்.

"கை இன்னும் தூக்க வரலியா அக்கா?" புஷ்பா சீப்போடு நின்றாள்.

"எங்கம்மா வருது! தோளுக்கு மேல போகமாட்டேங்குது."

கண் திறந்தவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிற்று. என் வாய் சும்மா இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். இத்தனை வருஷத்தில் அந்தத் தலையை நான் ஒருநாள்கூடத் தொட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"அவசரப்படுத்தாத புஷ்பா," என்றேன். "எலும்பு எடுத்த கை. வருஷக்கணக்காகும்."

வேதா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். புஷ்பா நிதானமாகச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.