வேப்பமரம் எந்தப் பக்கம்?

ரயிலே வராத ஊரில் ஒரு ரயிலுக்குச் சொந்தக்காரனாக வளர்ந்தவன் நான். அன்றைய கொடைக்கானலில் இந்தப் பெருமை எனக்கு மட்டும்தான் இருந்தது என்று நம்புகிறேன். வேறு யாருக்கும் இருந்திருந்தால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். என்னிடம் பெருமைகள் அதிகம் கையிருப்பில் இல்லை.

அப்பா ஒரு லாட்ஜில் எலக்ட்ரீஷியன். ஊரைக் காலி செய்துகொண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், ஓடாத பொம்மை என்று ஒரு பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின், இரண்டு பெட்டிகள், கொஞ்சம் தண்டவாளம். அப்பா ஒரு வயரை மாற்றினார். ஓடியது. செண்பகனூர் வீட்டில் கிடந்த பழைய கதவைப் படுக்கவைத்துத் தண்டவாளத்தை வளையமாகப் பொருத்தினோம். ஒரு மூலையில் சாப்பாட்டு இலை விரிக்கும் அளவுக்கு இடம் மிஞ்சியது. அங்கே என்ன காட்சி வைப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

அப்பாவும் நானும் மலை என்றோம். வேறென்ன சொல்வோம்? சாக்கைச் சுண்ணாம்பில் தோய்த்து மலை செய்தோம். மதிலில் சுரண்டிய பாசி, காடாயிற்று. மலை ஏற எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி கொண்டை ஊசி வளைவு. ஆகவே தண்டவாளத்தையும் அப்படியே மடக்கி மடக்கி மேலே கொண்டுபோனோம். எஞ்சின் உறுமியது. சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. பிறகு பெட்டிகளோடு பின்னால் சரிந்து வந்து குப்புற விழுந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தார். “ரயிலு என்ன நம்ம ஊரு பஸ்ஸாங்க, மூச்சப் பிடிச்சு வளைவு ஏறுறதுக்கு?”

உனக்கென்ன தெரியும் என்று அப்பாவால் கேட்க முடியவில்லை. அம்மா பிறந்து வளர்ந்ததே மலைக்குக் கீழே, கொடைரோடு பக்கம், ஒரு ரயில்வே கேட்டின் ஓரத்தில். அம்மாவின் அப்பா அங்கே கேட்கீப்பர். அந்த வீட்டுக்கு நாங்கள் போவதில்லை. ஏன் என்று கேட்டால், “ஒனக்குத்தான் பஸ்ஸுல வாந்தி வருதே,” என்பார் அம்மா. ஒரு குடும்பத்தின் போக்குவரத்தையே என் வயிறு நிறுத்திவைத்திருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கூச்சமும் நிறையக் கர்வமும் இருந்தன.

“சன்னலத் தொறந்தா மலைதான் கெடக்கு. பலகையிலயும் எதுக்கு மலை? அந்த மூலைய எனக்குக் குடுங்க,” என்றார் அம்மா. அப்பாவிடம் அவர் எதையும் கேட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. மறுபேச்சில்லாமல் மலையைப் பெயர்த்தெடுத்தார்.

அம்மா கோலப்பொடியோடு உட்கார்ந்தார். புள்ளி வைத்துத் திட்டம் போட்டார்: கேட்டுக்கும் வீட்டுக்கும் இத்தனை புள்ளி, வீட்டுக்கும் அடிபம்புக்கும் இத்தனை புள்ளி. மலை கிடையாது, அருவி கிடையாது, வெறும் தரை. எனக்குச் சப்பென்றிருந்தது. பிறகு வேப்பமரத்தில் வந்து மாட்டிக்கொண்டார். அது வீட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். பல சாயங்காலங்கள் இப்படியே போயின. ஒருநாள் கோலப்பொடி டப்பாவை மூடிவைத்துவிட்டு, “மறந்துபோச்சுங்க,” என்றார்.

அப்பா எழுந்துபோய் அளவு டேப்பைத் தேடி எடுத்துவந்தார். “வெள்ளனே கெளம்புவோம். போயி அளவெடுத்துட்டு வந்துருவோம்.”

“எங்க?”

“கேட்டுக்குத்தான். அது ரயில்வேக்காரன் கேட்டு. நான் யாரு வீட்டுக்கும் போகலையே.”

சட்டைப் பையில் டேப்போடு அப்பா முன்னால் நடந்தார். வாந்திக்கு முகர என் கையில் ஓர் எலுமிச்சம்பழம். வளைவுக்கு வளைவு நான் என் கடமையைச் செய்தேன். ஆச்சரியம், யாரும் பஸ்ஸைத் திருப்பச் சொல்லவில்லை.

வத்தலக்குண்டில் பஸ் மாறி, கேட்டருகே இறங்கினோம். நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தரை போய்க்கொண்டே இருந்தது. எதுவும் குறுக்கே எழுந்து அதை மறிக்கவில்லை. வானம் பக்கவாட்டில் காலடிவரை இறங்கியிருந்தது. எங்கள் ஊரில் பந்து கைதவறினால் கீழ்வீட்டுக்காரர் சொத்து. எலுமிச்சம்பழத்தை மெதுவாகத் தரையில் வைத்தேன். வைத்த இடத்திலேயே இருந்தது. மூச்சுவிடாமல் பார்த்தேன். அசையவே இல்லை. உலகத்தில் இப்படியும் ஓர் இடம்!

அப்போது கேட் இறங்கியது. எதிர்ப்பக்கம் பச்சைக்கொடியோடு தாத்தா. எங்களைப் பார்த்தார், பார்க்காததுபோல் தண்டவாளத்தைப் பார்த்தார். முதலில் தரை நடுங்கியது. அப்புறம் சத்தம். அப்புறம், எங்கள் தெருவையே வரிசையாகத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம் போல ஒன்று, என் மூக்குக்கு முன்னால் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. உள்ளங்கையில் வைத்திருந்த எஞ்சினை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது. அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் புடவையும் நடுங்கியது.

ரயில் போனபின் இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் தாத்தா. தாத்தா கைச்சக்கரத்தைச் சுழற்றிக் கேட்டைத் தூக்கினார்.

“ஏலே பேராண்டி,” என்றார் என்னிடம், “உங்கப்பாரு எதுக்கு வந்துருக்காக?”

“கேட்டை அளவெடுக்க.”

“எடுக்கட்டும். சர்க்கார் கேட்டு, யாரு வேணாலும் அளக்கலாம். அளக்கிறவுக ஒருவாய் காப்பி குடிக்கக் கூடாதுன்னு ரூல் கெடையாது.”

அப்பா தண்டவாளத்தைத் தாண்டிப்போய் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே அம்மாவின் கூடப்பிறந்த மாமா ஓடிவந்து என்னைத் தூக்கி மடியில் வைத்தார். என் காதுமடலைத் தொட்டுப் பார்த்து, “நல்லாத்தான் குத்தியிருக்காக,” என்றார். அம்மா சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா கோழிக்குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. “அப்பா! அளவே எடுக்கலியே!”

டேப் பையிலேயே இருந்தது. எவ்வளவு பெரிய நஷ்டம்! நான் அழுதேன். அவர்கள் இருவரும் சிரித்தார்கள். பெரியவர்களின் பொறுப்பின்மை குறித்து எனக்கு முதன்முதலாகக் கவலை பிறந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை அம்மா வேப்பங்குச்சி ஒன்றை எடுத்து, யோசிக்காமல், புள்ளிகூட வைக்காமல், வீட்டுக்கு இடதுபக்கம் நட்டார். ரயில் அதன் ஓரமாக ஓடியது.

காது விஷயம் எனக்கு மீசை முளைத்த பிறகு தெரியவந்தது. என் காதுகுத்துக்கு வந்த மாமாவின் பஸ் மலைப்பாதையில் நின்றுவிட, நல்ல நேரம் தவறிவிடும் என்று அப்பா வீட்டார் என்னை வேறு யார் மடியிலோ வைத்துக் குத்திவிட்டார்களாம். மாமா சீர்த்தட்டோடு வந்தபோது என் காதில் ஏற்கெனவே தோடு. தாய்மாமன் மடி காத்திருக்க, அந்நியர் மடி! அன்று மூடியதுதான் அந்தக் கேட். ஆக, காரணம் என் வயிறல்ல.

வேப்பமர விஷயம் விளங்க இன்னும் வெகுகாலம் பிடித்தது. தான் பிறந்து வளர்ந்த வாசலில் மரம் எந்தப் பக்கம் என்பதை அம்மா மறந்துவிட்டார் என்று எங்கள் வீட்டில் நம்பியவன் நான் ஒருவன்தான்.