சாவுத் தப்பு அடித்த செயின்சோ

கார்த்திகை ஒன்பதாம் தேதி, காலை ஆறு மணி பத்து நிமிடம். ஹாலிஎல முழுவதும் மூடுபனி, மழை இல்லை. நான் சேர்த்து வைத்திருக்கும், மரம் அரியும் பழைய செயின்சோ இயந்திரங்களில் கடைசியாக வாங்கிய பதினான்காவதைக் கொட்டகையில் வைத்துக் கயிற்றை இழுத்தேன். மற்ற பதின்மூன்றிலும் விறகு அரிந்திருக்கிறேன். எதுவும் இப்படி ஒலித்ததில்லை. விசையை விட்டதும் இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு என்று நின்ற இடத்திலேயே துடித்தது. அறுபத்திரண்டு வருடங்களுக்கு முன் கேட்ட அதே துடிப்பு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி அறையான "தொங்கக் காம்பரா"வில் இருந்தோம். தம்பி முத்துவுக்கு நான்கு வயது; ஐந்து நாளாகக் காய்ச்சல். கிழட்டுச் சவுக்கு மரங்களை வெட்ட வெளியிலிருந்து ஒருவர் செயின்சோவோடு வந்திருந்தார். தோட்டம் அதுவரை கைவாளைத்தான் பார்த்திருந்தது. அவர் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது இயந்திரத்தை நிறுத்தாமல் விட, அதன் துடிப்பு பனிக்குள் எதிர்மலையில் முட்டி, மெதுவாகி, "சாவுத் தப்பா"கத் திரும்பி வந்தது. எங்களுக்கு வேலைக்கு அழைப்பதும் தப்பு என்னும் பறைதான், சாவைச் சொல்வதும் தப்புத்தான். அடியை வைத்துப் பிரித்தறிவார்கள். மலையிலிருந்த பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு இறங்கினார்கள். எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. நோயாளி கிடந்த வீடு எங்களுடையது ஒன்றுதான்; எல்லோரும் எங்கள் வாசலுக்கே வந்தார்கள்.

அம்மா கதவை மறித்து நின்றாள். "எம்புள்ள உசுரோட இருக்கான். கொழுந்தெடுக்கப் போங்க."

தப்படிக்கும் மாரிமுத்துவும் கூட்டத்தில் நின்றார். "நா அடிக்கலையே ஆத்தா. தப்பு ஆணியில தொங்குது."

மேலே அது மறுபடி ஒலித்தது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"மிசினு கூப்புட்டு எழவுக்கு வந்திருக்கோம். நல்லவேள, வாய்க்கரிசி கொண்டாரல" என்றாள் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

"கூடுன எழவு வெறுங்கையோட கலையாது" என்றார் கங்காணி.

சுருண்டு கிடந்த தம்பியைக் கயிற்றால் அளந்து, அந்த நீளத்துக்கு ஒரு சவுக்குக் கட்டையை அரியச் சொல்லி, அப்பாவின் வெள்ளை வேட்டியில் சுற்றி, தம்பிக்குப் பதில் பிணமாக வாசலில் கிடத்தினார்கள். மாரிமுத்து நிஜத் தப்பை எடுத்து வந்து அடித்தார். அம்மா மட்டும் அழவில்லை. உயிரோடிருக்கும் பிள்ளைக்கு அழப் பயந்தாள்.

"அழுவு தாயி. பெத்தவ அழாட்டி சாவு நம்பாது" என்றாள் கூடையைக் கழற்றாமல் நின்ற ஒரு கிழவி.

கடைசியில் அம்மா கட்டையின் மேல் விழுந்து, தம்பியின் பெயரைச் சொல்லி அழுதாள். காம்பராவுக்குள் தம்பி கண் விழித்து என்னிடம் தண்ணீர் கேட்டான். கட்டையைத் தேயிலை ஓரத்தில் புதைத்தார்கள்.

அவன் பிழைத்தான். என் கவலை வேறு. சுருண்டிருந்தவனைக் காலை நீட்டாமலே அளந்தார்கள். குறைந்தது ஆறு விரல் குறைவு. சாவுக்குப் போய்ச் சேராத அந்த ஆறு விரல் என்னவாயிற்று என்று யாரும் கேட்டதில்லை; அவனுக்கு வந்த ஒவ்வொரு காய்ச்சலிலும் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று அந்த லயத்தில் பாதி பூட்டிக் கிடக்கிறது. தப்படிக்க ஆளில்லை, சாவுச் செய்தி கைத்தொலைபேசியில் வருகிறது. அதனால், கார்த்திகை ஒன்பதாம் தேதி என் கொட்டகைக்கு வந்தது ஒரே ஆள்தான்: பக்கத்து வீட்டிலிருக்கும் தம்பி, தோளில் துண்டோடு.

"எந்த வீட்டுல எழவுண்ணே?"

இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதைக் காட்டினேன். பழைய கதையை அம்மா அவனுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவன் சிரிக்கவில்லை. துண்டை விரித்துத் தரையில் மல்லாந்து, காலை நன்றாக நீட்டிப் படுத்தான்.

"இந்த வாட்டி சரியா அளங்கண்ணே."

ஒரு கயிற்றை எடுத்து அளந்தேன். எழுந்தவன் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

"இப்ப நீங்க படுங்க. சத்தம் ரெண்டு பேருக்குந்தானே கேட்டுச்சு."

படுத்தேன். பிறகு அதே இயந்திரத்தால் இருவர் நீளத்துக்கும் இரண்டு கட்டைகளை நானே அரிந்தேன்; வேட்டியில் சுற்றிப் புதைத்தோம். இயந்திரத்தின் விலை, சவுக்குக் கட்டை இரண்டு, வெள்ளை வேட்டி இரண்டு, குழி வெட்டியவரின் கூலி எல்லாம் சேர்த்து முப்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.