குளிர்கால டயர் விசாரிக்க ஓசூருக்கு

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, காலை 8.10. கிருஷ்ணகிரியில் ஓசூர் பேருந்து ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய். போனது குளிர்கால டயர் பற்றி விசாரிக்க. சிரிக்காதீர்கள், என்னிடம் ஸ்கூட்டிகூடக் கிடையாது.

கேள்வி என் கணவருடையது. இங்கிலாந்தில் ஒரு கடலோர ஊரில் இரண்டு வருஷமாகத் தொழிற்சாலை வேலை. "இங்க பனி கொட்டுறதே வருஷத்துக்கு ரெண்டு நாள்தான். அதுக்குத் தனி டயர் வேணுமா? இங்க கடைக்காரன் விக்கத்தான் பார்ப்பான். நீ நேர்ல போயி மல்லேஷண்ணனைக் கேளு" என்றார். மல்லேஷ் இவரோடு ஓசூர் டயர் கம்பெனியில் இருந்தவர், இப்போது பாகலூர் சாலையில் சொந்தக் கடை. எனக்கோ 'வேண்டாம்' என்ற பதிலை வாங்கி வர ஆசை. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்கு வரப்போகிற ஆளுக்குப் புது டயர் எதற்கு?

8.50, சூளகிரி. மலை பாதிக்கு மேல் மூடுபனிக்குள் இருந்தது. கொத்தமல்லிக் கட்டோடு ஏறிய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ஓசூர்ல வேலையா கண்ணு?" என்றார்.

"இல்லீங்க, டயரு விஷயம்."

ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

10.15. கடையில் மல்லேஷண்ணன் டீ வரவழைத்தார். "பனி கெடக்கட்டும் தங்கச்சி, குளிருதான் விஷயம். ஏழு டிகிரிக்குக் கீழ போனா சாதா டயரு நேத்துக் கிண்டின களி மாதிரி எறுகிடும். பிரேக் புடிச்சா வண்டி தள்ளிப்போயிதான் நிக்கும்."

"அப்ப வாங்கணுமாண்ணா?"

"ஒரு குளிருக்குன்னா தண்டம், மெதுவா ஓட்டினாப் போதும். நாலஞ்சு வருஷம்னா வாங்கலாம். குளிர் டயரு ஓடுறப்ப சாதா டயரு சும்மா கெடக்கும், ரெண்டு செட்டும் ரொம்ப நாள் வரும். எத்தன வருஷம் இருப்பாரு?"

"மார்ச்ல வந்துருவாருண்ணா."

"அப்ப வேணாம் விடு."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது எனக்கு. 11.40க்குப் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிட்டேன். அங்கே விடியாத காலை ஆறு மணி. கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மார்ச்ல வர்ற ஆளுக்கு வேணாமாம்!"

சுரண்டும் சத்தம் நின்றது.

"இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் கலா. போன வாரமே. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் டயரைக் கேட்டேன்."

வாயில் வந்ததெல்லாம் பேசினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருட்டில் முப்பது கிலோமீட்டர் ஓட்டிப் போக வேண்டிய மனிதர், மறுபடி சுரண்ட ஆரம்பித்தார்.

"வாங்கிடுங்க" என்றேன். "நாலு சக்கரத்துக்கும். ரெண்டுக்கு மட்டும் போட்டு மிச்சம் புடிக்காதீங்க."

12.15 பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நல்ல வெயில், ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்க் குளிர் பத்து மணிக்கெல்லாம் போய்விடும். சூளகிரி வரை அழுதேன். எனக்கு அவர் வேண்டும். மூன்று வருஷம் கழித்தாவது, முழுசாக.