வட்டிக்குப் பதிலாக ஒரு மத்தியானம்

ஜெர்மனியில், கொலோனுக்குப் பக்கத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் வாங்கிய மண்டபம் முன்பு கம்பளம் விற்ற கடை. எவ்வளவு சாம்பிராணி போட்டும் அந்தக் கம்பள வாசம் போகவில்லை. எனக்கு அது துளியும் பிடிக்காது. இப்போது எங்காவது ஒரு கம்பளக் கடையைக் கடந்துபோனால் நின்று மூச்சை இழுத்துப் பார்க்கிறேன்.

மார்க் நாணயம் போய் யூரோ வந்திருந்த காலம். பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்குப் பள்ளிக்கூடங்களில் அறை கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது. தேவாலய மண்டபத்தில் ஏதாவது வைத்தால் கறி மணக்கிறது என்று முறைப்பாடு வரும். சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. நான் அப்போது செயலாளர். பேக்கரியில் பாண் விற்கிறவளுக்கு அந்தப் பதவி கிடைத்ததற்கு என் ஜெர்மன் மொழிதான் காரணம், வேறொரு தகுதியும் இல்லை.

வங்கி முழுப் பணத்தையும் தராது. ஒரு பங்கை நாங்கள் போட வேண்டும். உறுப்பினர்களுக்குக் கடன் பத்திரம் விற்கலாம் என்று முடிவானது. பத்திரம் வாங்குகிறவர் சங்கத்துக்குக் கடன் கொடுக்கிறார், சில வருடங்களில் முதல் திரும்பி வரும், வட்டி கிடையாது. எங்களுடையது பொதுநலச் சங்கம் என்று பதிவாகியிருந்ததால் வரியும் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வட்டி இல்லை என்றதும் கூட்டத்தில் ஒருவரும் கையெழுத்துப் போட முன்வரவில்லை. சீட்டுக் கட்டி, கழிவு பார்த்துப் பழகிய சனம் நாங்கள். சும்மா காசைக் கொடு என்றால் யாருக்குக் கை நீளும்?

சங்கத் தலைவர் அண்ணைதான் எழும்பி வழி சொன்னார்.

"வட்டிக்குப் பதிலா மண்டபத்தைத் தருவம். பத்திரம் வாங்கிற ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொண்டாட்டம் வாடகை இல்லாமல் செய்யட்டும்."

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அகதிகளாக வந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் கல்யாணம் கட்டியவர்கள் நாங்கள். எங்கள் பெண்பிள்ளைகளும் ஒன்றாக வளர்ந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு சாமத்திய வீடு, பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சடங்கு, காத்திருந்தது. மண்டப வாடகையை நினைத்துக் கலங்கிப்போயிருந்த தகப்பன்மார் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

கடைசியாக வந்தவர் என் பக்கத்துக் கட்டிடத்து அக்கா. விடியமுன் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிற வேலை அவருக்கு. புருஷன் ஊரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. தலைவர் அண்ணை தயங்கித் தயங்கி, "அக்கா, நீங்கள் என்ன கொண்டாட்டம் செய்யப் போறியள்?" என்று கேட்டார்.

"எனக்கென்ன கொண்டாட்டம்? நான் செத்தால் என்ரை அந்தியேட்டிச் சாப்பாட்டை இஞ்சை வையுங்கோ. ஒரு மத்தியானம் காணும்."

"விசர்க் கதை கதையாதேங்கோ அக்கா. நல்ல காரியம் தொடங்கேக்கை இப்பிடியே சொல்லுறது?" என்று நான் சீறினேன்.

"ஏன் பிள்ளை, சாகிறது கெட்ட காரியமே? இந்த ஊரிலை தனியச் செத்தவையை எப்பிடிக் கொண்டுபோறாங்கள் எண்டு பாத்தனீதானே? எனக்கு நாலு சனம் இருந்து சாப்பிட்டுப் போனால் சரி."

நான் பார்த்திருந்தேன். அவர் கட்டிடத்தில் ஒரு ஜெர்மன் கிழவர் இறந்தபோது இரண்டு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மறுவாரம் அவருடைய சோபா தெருவோரம் கிடந்தது. அதற்குப் பிறகு அக்காவுக்கு நெஞ்சுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. சிரித்துப் பகிடிபோலத்தான் பேசுவார். பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும்.

மண்டபம் திறந்த பிறகு ஒவ்வொரு சாமத்திய வீட்டிலும் சமையல்கட்டில் அக்கா நின்றார். யாரும் கேட்டு அல்ல, தானாகவே. பெரிய காஸ் அடுப்பில், நூறு பேருக்குச் சமைக்கிற சங்கத்துக் கிடாரத்தை ஏற்றி அவர் வைக்கிற கத்தரிக்காய்க் குழம்புக்காகவே சிலர் அழைக்காமலும் வருவார்கள். மணவறையில் தங்கச் சரிகையும் பூமாலையுமாக இருக்கும் பெட்டைகளை அவர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு அகப்பையோடு திரும்பிப் போவார்.

சில வருடம் போக, வரி அலுவலகம் கூப்பிட்டது. வழக்கமான விசாரணைதான். மண்டபம் என்ன வேலைக்குப் பயன்படுகிறது என்று காட்டச் சொன்னார்கள். தலைவர் அண்ணைக்கு ஒரே சந்தோஷம். வீடுவீடாகப் போய்ச் சாமத்திய வீட்டுப் படங்கள் ஒட்டிய அல்பங்களை வாங்கிவந்தார். ஒவ்வொன்றும் ஒரு கையால் தூக்க ஏலாத கனம். சிவப்பு வெல்வெட் அட்டை, மேலே பிள்ளையின் படம். நானும் அவரும் அவற்றை ரயிலில் சுமந்துகொண்டு போனோம். எங்கள் ஆட்களுக்கு ஒரு காரியம் நடந்ததற்கு அல்பத்தை விடப் பெரிய அத்தாட்சி என்ன இருக்கிறது?

அந்த அதிகாரி நல்ல பெண்மணி. அல்பங்களைப் பொறுமையாகப் புரட்டினார். உடுப்பு அழகு என்றார். பிறகு கேட்டார், இந்தக் கொண்டாட்டங்களுக்கு வாடகை வாங்கினீர்களா என்று.

தலைவர் அண்ணை நெஞ்சை நிமிர்த்தி, "இல்லையெண்டு சொல்லும் தங்கச்சி. கடன் தந்த எங்கட ஆக்களுக்கு எல்லாம் இலவசம் எண்டு வடிவாச் சொல்லும்" என்றார்.

சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். அப்போதுதான் எங்களுக்கு அது விளங்கத் தொடங்கியது. பொதுநலச் சங்கம் என்றால் ஊருக்கே பொதுவாக இருக்க வேண்டும். கடன் கொடுத்த உறுப்பினருக்குச் சலுகையாக எதையும் கொடுக்கக் கூடாது. எங்களுக்கோ அது சலுகை என்றே தோன்றவில்லை. தந்தவனுக்குத் திருப்பிச் செய்வதுதானே மரியாதை? அதை ஒளித்துச் செய்யவில்லை. வெல்வெட் அட்டை போட்டு மேசையில் அடுக்கியிருந்தோம்.

வரிவிலக்குப் போயிற்று. பழைய வருடங்களுக்கும் சேர்த்து வரி வந்தது. வங்கி கையை விரித்தது. மண்டபத்தை விற்றோம். வங்கியும் வரியும் போக, பத்திரம் வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது கிள்ளித் தெளித்ததுபோல. தலைவர் அண்ணை சனத்தின் முகத்தில் முழிக்க முடியாமல் வேறு ஊருக்கே போய்விட்டார். பாவம், ஒரு சதம்கூட அவர் எடுக்கவில்லை.

சாமான்களைப் பிரித்த அன்று எல்லாரும் கதிரை, மேசை, மின்விசிறி என்று ஆளுக்கொன்றைத் தூக்கினார்கள். அக்கா கிடாரத்தை மட்டும் கேட்டார்.

"உந்தக் கிடாரத்தை என்ன செய்யப் போறியள் அக்கா?" என்று கேட்டேன்.

"வட்டி" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "என்ரை மத்தியானத்தை இனி எங்கை பிள்ளை வைப்பியள்?" என்று கேட்டார். கிடாரத்தை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து டிராமில் ஏற்றினோம்.

அதற்குப் பிறகு ஒரு மாரி காலத்தில் அக்கா ஆஸ்பத்திரியில் இறந்தார். நிமோனியா. கிரியைகளைச் செய்ய பாரிசிலிருந்து அவருடைய பெறாமகன், கூடப்பிறந்தவளின் மகன், வந்தார். அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு மண்டபம் தேடினேன். வார நாளில், குறுகிய அவகாசத்தில், எங்கும் கிடைக்கவில்லை. என் மூன்றாம் மாடி வீட்டிலேயே வைத்தேன்.

அக்கா வீட்டிலிருந்து கிடாரத்தைக் கொண்டுவந்து என் மின் அடுப்பில் வைத்துப் பார்த்தேன். ஒரு சூட்டுத்தட்டில் வைத்தால் சாய்ந்தது. நாலு தட்டையும் மூடினாலும் சூடு ஏறவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக அதை இறக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, சின்னச் சட்டிகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சமைத்தேன். நான் வைத்த கத்தரிக்காய்க் குழம்பு அவருடையது போல வரவே இல்லை.

சனம் கொஞ்சமாக வரும் என்றுதான் நினைத்தேன். பத்திரம் வாங்கிய குடும்பம் ஒன்றுகூட மிச்சமில்லாமல் வந்தது. சங்கம் உடைந்த பிறகு முகம் பார்க்காதவர்களும் வந்தார்கள். அல்பங்களில் இருந்த அந்தப் பெட்டைகள், இப்போது ஜீன்ஸும் மாரிக் கோட்டுமாக, படித்த ஊர்களிலிருந்து ரயிலெடுத்து வந்திருந்தார்கள். வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படிகளில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், வாசலுக்கு வெளியே தூறலில் நின்று சாப்பிட்டார்கள். கீழ்வீட்டு ஜெர்மன்காரர் கதவைத் திறந்து, இது என்ன கொண்டாட்டம் என்று கேட்டார்.

அத்தனை பிள்ளைகளுக்கும் அக்கா பந்தியில் இருக்க வைத்துச் சோறு போட்டவர். அவருடைய நாளில் எல்லாரையும் படியில் வைத்துத்தான் என்னால் சாப்பாடு கொடுக்க முடிந்தது.

"எங்கட அக்காவின்ரை கொண்டாட்டம்" என்றேன் அந்த மனிதருக்கு, தமிழிலேயே.